நடராசாவின் திங்கட்கிழமைக் கோழி

முல்லைத்தீவில் என் கடை வாசலில் நெல்லு மூட்டை இறக்க வந்த லொறிக்காரர்தான் செய்தியைச் சொன்னார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "உங்களோட முந்தி வேலை செய்த நடராசா நேற்று விடியப்புறம் மோசம் போயிட்டார், தெரியுமோ?" என்றார். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர் வரம்பிலேயே விழுந்துவிட்டாராம். நெஞ்சு வலி. நாற்பத்திரண்டு வயதுதான். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளிநொச்சிக்குப் பஸ் பிடித்தேன்.

வாய்க்கால் வெட்டுவதற்காகக் கிளிநொச்சிக் காட்டை அளந்த காலத்தில் எங்களோடு முகாமில் இருந்தவர்களுக்கு நடராசாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் அளவுச் சங்கிலி பிடிப்பார். நான் அளவுகளைப் புத்தகத்தில் எழுதுவேன். யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து, குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி பெற்ற குடும்பம் அவருடையது. நான் முல்லைத்தீவு முஸ்லிம். திங்கட்கிழமை முகாமுக்கு வந்தால் சனிக்கிழமைதான் இருவருக்கும் வீடு. இதைப் படிக்கிறவர்களில் சிலர், "அவரோடு ஏழு வருடம் பேசாமல் இருந்த மனிசன் இப்போது எந்த முகத்தோடு எழுதுகிறான்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது.

முகாமில் என் முதல் மத்தியானம், நான் கொண்டுபோன கோதுமைப் பாணையும் தேங்காய்ச் சம்பலையும் எடுத்துக்கொண்டு ஒரு பாலை மரத்தடியில் தனியே போய் இருந்தேன். மற்ற ஐந்து பேரும் ஒரு தகர டின்னைச் சுற்றி இருந்து பாணும் கோழியும் சாப்பிட்டார்கள். நடராசா அங்கிருந்தே, "என்ன, தள்ளிப் போய் இருக்கிறீர்? நாங்கள் கடிக்கமாட்டம்" என்றார். எங்கள் மார்க்கப்படி பிஸ்மி சொல்லி, அல்லாவின் பெயரால் அறுத்த இறைச்சியைத்தான் நாங்கள் சாப்பிடலாம் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். அடுத்த திங்கட்கிழமை எனக்கென்று ஒரு பொதியை நீட்டி, "சந்தியில மீராசா நானா அறுத்தது. நம்பிச் சாப்பிடும்" என்றார். மீராசா நானா பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த எங்கள் ஆள். நடராசாவின் வீட்டிலிருந்து அங்கே போக நாலு மைல் மணல் ரோட்டு. ஞாயிறு காலையில் இரண்டு சேவல்களின் கால்களைக் கட்டிச் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் போயிருக்கிறார். அன்றிலிருந்து நான் தனியே இருக்கவில்லை.

அந்தக் கோழியைப் பற்றிச் சொல்லாமல் நடராசாவைப் பற்றிச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி பரமேஸ்வரி அக்காவைக் குசினியிலிருந்து கலைத்துவிட்டுத் தானே சமைப்பாராம். கோழியை உப்பும் மஞ்சளும் போட்டு முழுதாக அவித்து, இறக்கியவுடன் விரல் சுடச் சுடப் பிய்ப்பார். "சூட்டோட பிச்சால்தான் நூல் நூலா வரும். ஆறவிட்டால் கட்டிதான்" என்பது அவருடைய சட்டம். பிறகு இடித்த மிளகாயும் மிளகும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் போட்டு, வினாகிரி விட்டு, ஈரம் வற்றும் மட்டும் நல்லெண்ணெயில் வறுப்பார். தேங்காய்ப்பாலைக் கிட்டவும் கொண்டுவரமாட்டார். பால் பட்டால் செவ்வாய்க்கிழமையே பழுதாகிவிடும். பால்மாத் தகரத்தில் அமுக்கி, மேலே எண்ணெய் மிதக்கவிட்டுக் கொண்டுவருவார். முகாமில் ஒவ்வொரு பின்னேரமும் அதை மறுபடி சட்டியில் போட்டுப் பிரட்டுவார். வியாழன் மத்தியானம் தகரம் வெறுமையாக இருக்கவேண்டும், ஏனென்றால் வெள்ளிக்கிழமை அவர் மச்ச மாமிசம் தொடமாட்டார். கடைசிக் கரண்டியை யார் என்ன சொன்னாலும் எனக்குத்தான் போடுவார்.

கொழும்பிலிருந்து ஒரு நில அளவையாளர் இரண்டு நாள் வந்து நின்றார். வாழையிலையை வாட்டிச் சுற்றிய பொதியைப் பிரித்து, எண்ணெய் ஊறிச் சிவந்திருந்த பாணைப் பார்த்து, "ஓ, சன்விச்" என்றார். "சன்விச் துரைமாருக்கு. இது பாணும் கோழியும்" என்றார் நடராசா. அந்த மனிதர் இரண்டு கடி கடித்தார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓட, மண் கூசாவில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்துத் தீர்த்தார். குடித்துவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். நடராசா அதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எனக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் என் பக்கத்தில் இருந்தவரும் அவர்தான். தேத்தண்ணியில் பாணைத் தோய்த்து ஊட்டினார். கோழி கேட்டு நான் சண்டை பிடித்தேன். "செத்துப்போனீரெண்டால் உம்மட உம்மாவுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று அதட்டினார். இப்படி இரண்டு வருடம். இனி எழுதவேண்டியதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவருடைய குழந்தைக்குக் கடும் சுரம். ஞாயிறு பகல் முழுவதும் ஆஸ்பத்திரியில் நின்றார். பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது கோழி துப்புரவாக்கி அவித்து இருந்தது. யாரையாவது பிடித்து நானாவிடம் அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வறுத்தார். திங்கள் விடிய வெளிக்கிடும்போதுதான், வீட்டில் உதவிக்கு வந்து நின்ற அவருடைய மச்சாள், கோழியைத் தானே வெட்டியதாகச் சொல்லியிருக்கிறா. முகாமுக்கு வந்து என்னைத் தேடினாராம். என் பஸ் அன்று பிந்திவிட்டது. மற்றவர்களிடம் சொல்லிவைக்கவும் நேரம் கொடுக்காமல், மேற்பார்வையாளர் அவரை உடனே அளவுக் கோட்டின் மறுமுனைக்கு அனுப்பிவிட்டார். மத்தியானம் மற்றவர்கள் வழக்கம்போல் பாணைப் பிளந்து, கோழி வைத்து, எனக்கும் ஒரு பொதி தந்தார்கள். நான் அதைப் பிரித்து வாய்க்குக் கொண்டுபோகிறேன், நடராசா ஓடி வருகிறார். ஒரு மைல் ஓடி வந்திருக்கிறார். வந்த வேகத்தில் என் கையைத் தட்டிவிட்டார். பாண் மணலில் விழுந்தது.

"அதைச் சாப்பிடாதேயும். இந்தமுறை நானா அறுக்கேல்லை. மச்சாள் வீட்டில வெட்டினவா. எனக்கு விடியத்தான் தெரியும்" என்றார் மூச்சு வாங்க.

என் கோபம் முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியும். அது வந்தபிறகுதான் எனக்குப் புத்தி வரும். எல்லோருக்கும் முன்னால் கேட்டேன்: "அப்ப இவ்வளவு நாளும் நான் திண்டது ஆர் அறுத்தது?"

அவர் என்னைப் பார்த்தார். குனிந்து பாணை எடுத்து, மண்ணைத் தட்டி, அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்தை நான் குற்றம் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். அது நெஞ்சில் அடிபட்ட மனிதனின் மௌனம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மறு திங்கள் என் பக்கத்தில் ஒரு பொதி வைக்கப்பட்டிருந்தது. காலால் தள்ளிவிட்டேன். ஓம், காலால். அதற்குப் பிறகு வீட்டிலிருந்து அரிசி கொண்டுவந்து, நானே சோறு ஆக்கி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டேன். எட்டு மாதத்துக்குப் பின் வேலையை விட்டுவிட்டு வாப்பாவின் கடைக்கு வந்தேன்.

பொய் சொல்லுகிறவன் ஒரு மைல் ஓடிவந்து கையைத் தட்டிவிடமாட்டான். பேசாமல் இருந்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. இதை யோசிக்கப் பெரிய மூளை தேவையில்லை. ஒரு மாதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. மீராசா நானாவிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் என் கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போகுமே. ஒருமுறை கிளிநொச்சி பஸ் நிலையத்தில் நடராசா என்னைக் கண்டு கையை உயர்த்தினார். நான் பஸ்ஸின் மற்றப் பக்கத்து யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தமுறை பேசலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

செத்த வீட்டு வாசலில் நான் தயங்கி நின்றபோது பரமேஸ்வரி அக்கா எழுந்து வந்தா. "உள்ளுக்கு வாங்கோ. அவர் உங்களைப் பாக்கட்டும்" என்றா. போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். யாருக்குக் கேட்டது?

வெளியே பந்தலில் மீராசா நானா இருந்தார். இப்போது நன்றாகத் தளர்ந்துவிட்டார். பக்கத்துக் கதிரையில் என்னை இருக்கச் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே கதைத்தார்.

"நீங்கள் அவனோட சாப்பிடாமல் விட்ட பிறகும் கோழியை என்னட்டத்தான் கொண்டு வந்தவன், தம்பி. நீங்கள் வேலையை விட்டுப் போகும் வரைக்கும் ஒரு ஞாயிறு தவறினதில்லை. 'அவர்தான் தொடுறேல்லையே, பிறகேன் மினைக்கெட்டு நாலு மைல் வாறாய்?' எண்டு கேட்டன். 'ஆர் கண்டது நானா, இந்தத் திங்கள் வந்து பக்கத்தில இருந்தாரெண்டால் அவருக்குக் குடுக்க என்னட்ட இருக்கோணும்' எண்டான்."

எட்டு மாதம். முதுகைக் காட்டிக்கொண்டு நான் சோறு தின்ற ஒவ்வொரு மத்தியானமும், இருபது முழத்துக்கு அப்பால், எனக்குரிய பங்கு அந்தத் தகரத்தில் இருந்திருக்கிறது. நடராசாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பங்குதான். நான் அதைச் சாப்பிடவில்லை. இனிச் சாப்பிடவும் முடியாது.