நல்ல சேதிக்குப் பாட்டு, கெட்ட சேதிக்குக் கால்

போன கிழமை பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். நல்ல பனி. எதிர்க் கடைகூடத் தெரியவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோவின் பாட்டு வந்தது. சொல் இல்லாத பாட்டு, டிங் டிங் என்று. பிறகு சுட்ட பாணின் வாசனை வந்தது. ஆட்டோ கடைசியாகத்தான் வந்தது. நானும் ஒரு காலத்தில் இதே சந்தியிலிருந்து மலைக்குப் பாட்டு அனுப்பினவன். ஒரு இறாத்தல் பாண் வாங்கினேன். வந்த பஸ்ஸைப் போக விட்டேன்.

இப்போது பதுளையில் எனக்கு மூன்று கடை. போன், கம்பியூட்டர் வியாபாரம், கடைகளுக்குக் கேமரா பூட்டுகிற வேலை. ஒரு தடவை கொழும்பில் ஏதோ கூட்டத்துக்குக் கூப்பிட்டு, 'தொழில்நுட்பத் தொழில்முனைவோர்' என்று அட்டை எழுதிச் சட்டையில் குத்தினார்கள். ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். அதை வாசித்து முடிக்கவே ரெண்டு தரம் வேண்டியிருந்தது. மேடையில் பேசச் சொன்னார்கள். "வணக்கம், நன்றி" என்று சொல்லி இறங்கினேன். நல்ல கைதட்டல். சீக்கிரம் இறங்கினதற்காக இருக்கும்.

தொழில் தொடங்கினது கார் பெட்டரியில். தொண்ணூறுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், கரண்ட் இல்லை. ஆனால் டீவி இருந்தது, பெட்டரியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. பதுளையில் ரேடியோ திருத்தப் பழகிவிட்டு வந்து, சந்தியில் ஒரு பலகைக் கடை போட்டு, பெட்டரி சார்ஜ் பண்ணிக் கொடுத்தேன். அமிலம் தெறித்து நான் கட்டியிருந்த சாரமெல்லாம் ஓட்டை. பெட்டரி இறங்கினால் டீவியில் படம் நாலு பக்கமும் சுருங்கி, முத்திரை அளவுக்கு வந்து நிற்கும். மறுநாள் காலையில் கடை வாசலில் ஒரு அக்கா நிற்பார். "ரேடியோ தம்பி, அந்தப் பொண்ணு பொழச்சாளா செத்தாளான்னே தெரியல. நீ என்னா சார்ஜ் போட்ட?" கதை முடிவையும் நான்தான் கேட்டுவந்து சொல்ல வேண்டும்.

அதே பெட்டரியில்தான் கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் ஓடும். அதையும் வாங்கினேன். தொண்ணூறுகளின் கடைசியில் கம்பியில்லாத போன் வந்தது. கூரையில் மீன்முள் மாதிரி ஒரு அன்டெனா. 'கொமியூனிகேஷன்' என்று போர்டு எழுதினேன். எழுத்தில் ஒரு பிழை இருந்ததாம். எனக்குத் தெரியவில்லை, வந்தவர்களுக்கும் தெரியவில்லை.

கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் அந்தப் போனுக்கு எடுப்பார்கள். அம்மாவைக் கூப்பிடு என்பார்கள். அம்மா மலையில் இருப்பார். ஏறிப் போக அரை மணித்தியாலம். ஒரு நாளைக்கு நாலு தரம் ஏறினேன். ஐந்தாம் தரம் ஏறும்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. கடைக்குப் பின்னால் சவுக்கு மரத்தில் லவுட்ஸ்பீக்கரை மலையைப் பார்க்கக் கட்டினேன்.

முதல் நாள், காலை பத்து மணி. மைக்கில் சொன்னேன்: "மேட்டு லயம் வள்ளியம்மா, ஒடனே கடைக்கி வாங்க."

இதில் ஒரு விஷயம் நான் மறந்துவிட்டேன். தோட்டத்தில் வேலை நேரத்தில் மலைக்கு ஆள் வந்து ஒருத்தரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், அது எழவுச் சேதி. வேறு எதற்கும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அங்கேயே பிறந்தவன் நான், எனக்கே தோன்றவில்லை. இருபது நிமிடத்தில் வள்ளியம்மா வந்தார். பின்னால் கொழுந்துக் கூடைகளை மலையிலேயே போட்டுவிட்டு நாற்பது பெண்கள், மாரில் அடித்துக்கொண்டு. போனில் அவர் மகன், "அம்மா, தீவாளிக்கி லீவு குடுத்துட்டாங்க" என்றான். வள்ளியம்மா ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, என் முதுகில் ஒன்று வைத்தார். "பாடையில போறவனே, உசிரே போயிருச்சு."

தோட்டத்துத் தொரை, வேலை நேரத்தில் சத்தம் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். அப்போதுதான் ஒரு முறை வைத்தேன். வேலை விட்ட பிறகு, முதலில் பாட்டு. மேட்டு லயத்துக்கு ஒரு சினிமாப் பாட்டு, கீழே இருக்கிற பணிய லயத்துக்கு வேறொன்று. பிறகு பேர். பாட்டுப் போட்டால் நல்ல சேதி. கெட்ட சேதி மைக்கில் போகாது. அதற்கு நானே ஏறிப் போவேன்.

நன்றாக ஓடியது. பாட்டுக் கேட்டால் பிள்ளைகள் ஆடும். ஆனால் வேறொன்றும் நடந்தது. நான் பாதையில் ஏறினால் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் பேச்சு நிற்கும். எந்த வாசலைத் தாண்டிப் போகிறேன் என்று பார்ப்பார்கள். தாண்டிவிட்டால் அந்த வீட்டில் மூச்சு வரும். ஒரு தடவை தேங்காய் வாங்கப் போனேன். ரெண்டு வீட்டில் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் எனக்குக் கல்யாண ஆசை வந்தது.

செல்வராணி பிள்ளைக்காம்பராவில் வேலை. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போக, இவள் குழந்தைகளைப் பார்ப்பாள். அவள் அண்ணன் கொழும்பில். ஞாயிறு தோறும் கடைக்கு வந்து அவனோடு பேசுவாள். ரெண்டு வருஷத்தில் நான் அவளிடம் பேசின மொத்தப் பேச்சு, "லைன் கெடச்சிருச்சி, பேசுங்க." அவள் அதற்குச் சிரிப்பாள். அது போதும் என்று எனக்குப் பட்டது.

எனக்கு அப்பா அம்மா இல்லை. ஒரு பௌர்ணமிப் போயா லீவில் நானே பெண் கேட்கப் போனேன். வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய், வகிடு. அவள் அப்பா மாரிமுத்துக் கங்காணி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோடரியைக் கீழே வைத்தார்.

"என்னா தம்பி?"

நான் விறகுக் குவியலைப் பார்த்தேன்.

"உள்ள வாங்க."

"இல்லைங்க. இப்படியே நிக்கிறேன்."

"தேத்தண்ணியாச்சும் குடிங்க."

"வேணாங்க."

வெள்ளைச் சட்டையில் சிந்திவிடும் என்றுதான் வேண்டாம் என்றேன். எழவு சொல்ல வருகிறவன்தான் வீட்டுக்குள் போகமாட்டான், தண்ணீர் குடிக்கமாட்டான். நான் எத்தனை வாசலில் அப்படி நின்றிருக்கிறேன். அவள் அம்மா, "ஐயோ, கொழும்புல எம்மவனுக்கு என்னாச்சு" என்று விழுந்தார். லயம் முழுக்க ஓடி வந்தது. ஒப்பாரியே தொடங்கிவிட்டது. நான் கையை ஆட்டுகிறேன், "அது இல்லைங்க, அது இல்லைங்க" என்கிறேன். யார் கேட்கிறார்கள்?

செல்வராணி வெளியே வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, அழுகைய நிறுத்து. எழவு சொல்ல வர்ற மனுசன் வகுடு எடுத்து, பவுடர் போட்டுக்கிட்டு வருவாரா?"

உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். "குடிங்க. குடிச்சாத்தான் இவங்க நம்புவாங்க." ஒரே மடக்கில் குடித்தேன். நாக்கு வெந்தது. ஐம்பது பேர் பார்த்திருக்க, கண்ணில் நீரோடு, "பொண்ணு கேக்க வந்தேன்" என்றேன். ஒருத்தரும் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

கங்காணி சிரிக்கவில்லை. "வீடு வீடா எழவு சொல்ற காலு. அந்தக் காலோட எம்புள்ளைய எப்படி அனுப்புறது? அந்த வேலைய விட்டுரு. இனிமே மலைக்கி ஏறாத. அப்ப பேசலாம்."

சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெந்த நாக்கில் வேறொன்று வந்தது. "அப்ப அந்த வீட்டுக்காரங்களுக்கு யாருங்க வந்து சொல்றது?"

பிறகு கூட்டத்திலிருந்து வள்ளியம்மா வந்தார். அதற்கு முந்தின மழைக்காலத்தில், தீவாளி லீவு சொன்ன அதே மகன் லொறியில் அடிபட்டுச் செத்துப்போனான். அதைச் சொல்ல ஏறினது நான்தான். "கங்காணி, இந்தப் புள்ள அன்னைக்கி எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. கூடைய எந்தலையிலருந்து எறக்கி வச்சிச்சு. ஒக்கார வச்சிச்சு. அப்பறந்தான் வாயத் தொறந்திச்சு. மைக்குல கேட்டிருந்தா நான் அந்தச் சரிவுலயே போயிருப்பேன்."

கங்காணி கோடரியை எடுத்தார். ஒரு கட்டையைப் பிளந்தார். "தையில பாப்போம்" என்றார். தையில் கல்யாணம் நடந்தது.

பிறகு லயத்துக்குக் கரண்ட் வந்தது. கைப்போன் வந்தது. அந்த மலைக்கு முதல் போன்களை விற்றவன் நான்தான். பாட்டைக் கேட்க ஆளில்லாமல் போனது. லவுட்ஸ்பீக்கரைக் கழற்றினேன். பதுளையில் கடை எடுத்தேன்.

சில வருஷம் கழித்து மாமா, மாரிமுத்துக் கங்காணி, பதுளை ஆஸ்பத்திரியில் படுத்தார். பக்கத்தில் நான் இருந்தேன். விடிகாலையில் போய்விட்டார். செல்வராணி அப்போது அவள் அம்மாவோடு லயத்தில். என் சட்டைப் பையில் போன் இருந்தது. எடுக்கவில்லை. இதை ஏறிப் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று பஸ் ஏறினேன். தெமோதரை, எல்ல, பண்டாரவளை. ஒவ்வொரு இடத்திலும் பஸ் நின்று நின்று போனது. எனக்கு அவசரம் இல்லை. நான் போகும்வரை அந்த வீட்டில் அவர் உயிரோடுதான் இருப்பார்.

சந்தியில் இறங்கி ஏறினேன். பாதி வழியிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரின் மகள் எங்கள் தோட்டத்துப் பெண். நல்ல மனசோடு போனில் சொல்லிவிட்டாள்.

செல்வராணி இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். நான் விற்ற போன் அவள் மடியில் கிடந்தது. சேதி வந்த நேரத்தில் அவள் தனியாகத் தண்ணி பிடிக்கிற பீலியில் நின்றிருக்கிறாள். பக்கத்தில் பிடிக்க ஆள் இல்லை. விழுந்து முழங்கால் சிராய்த்திருந்தது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல" என்றாள்.

குடத்தை எடுத்துவந்து அந்தக் காலைக் கழுவிவிட்டேன். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் சேதி சொல்ல நான் போகவில்லை. போக வேண்டி வரவும் இல்லை.