படத்தில் மறைந்த வரிகள்

அப்பாவும் சின்ன மாமாவும் வெளிநாட்டுக்கென்று ஒன்றாகப் புறப்பட்ட வருடம் எனக்கு ஒன்பது வயது. சின்ன மாமா அம்மாவின் ஒரே தம்பி. மடத்துவெளியில் எங்கள் ஒழுங்கையிலிருந்த ஆறு வீடுகளில் நான்கு முன்னமே பூட்டிக் கிடந்தன. அவர்கள் போனபின் எங்கள் வீட்டிலும் சத்தம் அடங்கிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் விளையாட ஆளில்லை. நயினாதீவுக்குப் போகும் சனங்களை ஏற்றிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறை பஸ் வரும்போது, தெருவோரம் நின்று முகம் தெரியாதவர்களுக்குக் கை காட்டுவேன். சிலர் திருப்பிக் காட்டுவார்கள். அதோடு அன்றைய பேச்சுவார்த்தை முடிந்துவிடும்.

ஐந்து மாதம் கழித்து அப்பாவின் கடிதம் வந்தது. அம்மா எனக்கு வாசித்துக் காட்டியது நாலு வரிதான். தான் சுகம், அமெரிக்காவில் நிற்கிறாராம். காரில் போகும் வழியில், அந்தக் காலத்தில் ஒரு வேதக்காரப் பட்டாளம் நடந்துபோனதற்காகத் தெருவோரம் வைத்த நினைவுக்கல்லொன்றைக் கண்டு, இறங்கிப் படம் எடுத்தாராம். மிச்சத்தை அம்மா மனதுக்குள் வாசித்தார். பிறகு கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

கடிதத்தோடு வந்த படத்தில் வெறுந்தரை. நடுவே ஒரு கல்தூண், அதில் எழுத்துப் பொறித்த தகடு. பக்கத்தில் தாடியோடு அப்பா. வெளியே காட்ட வேண்டாம் என்று அம்மா சொல்லியும் மறுநாள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். என் அப்பா காரில் ஊர் சுற்றிப் பார்க்கிறார் என்பதை நாலு பேர் அறிய வேண்டாமா?

ஆங்கில டீச்சர் படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய், கண்ணாடியைக் கழற்றி, தகட்டை எழுத்தெழுத்தாக வாசித்துச் சொன்னார். அவர்கள் சாமியை நம்பிப் புறப்பட்டவர்களாம். மாதக்கணக்காக வனாந்தரத்தில் நடந்தார்களாம். தண்ணீர் கிடைக்கவில்லையாம், சப்பாத்துத் தேய்ந்துபோய் மாட்டுத்தோலைக் காலில் கட்டிக்கொண்டார்களாம். கீழ் வரிகளை அப்பாவின் தோள் மறைத்துக்கொண்டு நின்றது.

சப்பாத்து என்றதும் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"அங்கை பார், இவளின்ரை அப்பா ரெண்டு விதமான சப்பாத்துப் போட்டிருக்கிறார்."

உண்மைதான். ஒன்று கறுப்பு, மற்றது நீலம். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. படத்தை என் கையில் தந்து, "கவனமா வைச்சிரும் பிள்ளை" என்றார்.

வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்து, அப்பாவைக் கணுக்காலோடு வெட்டிவிட்டேன்.

அம்மா அடிப்பார் என்றுதான் காத்திருந்தேன். அவர் குசினிக்குப் பின்னாலிருந்த குப்பையைக் கிளறி, அந்தத் துண்டைத் தேடியெடுத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டினார். பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடியே, டீச்சர் என்ன வாசித்தார் என்று கேட்டார். எல்லாம் சொன்னேன்.

"வெளிக்கிட்ட எல்லாரும் போய்ச் சேர்ந்தவையாமோ?"

"அது தெரியேல்லை அம்மா. அப்பா மறைச்சுக்கொண்டு நிக்கிறார்."

"டீச்சரிட்டைக் கேட்டுக்கொண்டு வா."

வெளிநாடு என்றால் விமானத்தில் ஏறி இறங்குவது என்றே நான் நினைத்திருந்தேன். பாதித் தூரத்தை அவர்கள் கால்நடையாகவே கடந்தார்கள் என்பதும், எல்லைக்கு முன்னால் ஒரு காட்டாற்றில் இருவரும் பிரிந்துபோனார்கள் என்பதும், கடிதத்தில் மாமாவைப் பற்றி ஒரு சொல்கூட இருக்கவில்லை என்பதும் வளர்ந்த பிறகு தெரிந்தவை. அன்றைக்கு, அம்மாவுக்குத் திடீரென்று சரித்திரத்தில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் டீச்சரிடம் கேட்க மறந்துவிட்டேன். வீடு திரும்பும்போது வாசல் படலையடியிலேயே அம்மா நின்றார்.

"கேட்டனியே?"

"ஓம். எல்லாரும் போய்ச் சேர்ந்தவையாம்" என்றேன்.

அம்மா உள்ளே போய் முகம் கழுவினார். பிறகு வீட்டோரச் சாய்ப்பில் கிடந்த மாமாவின் சைக்கிளை வெளியே உருட்டி வந்து, சீலைத் துண்டால் ஒவ்வொரு கம்பியாகத் துடைக்கத் தொடங்கினார். அதை எனக்குத்தான் தரப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, மணியை அடித்தபடி பக்கத்திலேயே நின்றேன்.