ஏலத்தில் போன டப்பா

கோபக்காரி ஒருத்தியின் ஜெபத்தையும் தள்ளிவிடாத இயேசுவின் நாமத்தில் உங்கள் எல்லாரையும் வாழ்த்துகிறேன். என் பெயர் மெர்சி. ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். அந்த வாயை நான் இரண்டு மாதம் மூடிக்கொண்டிருந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் மகள் பெனிட்டா நீச்சல் வீராங்கனை. போன வருஷம் அக்டோபரில் தேசியப் போட்டியில் பட்டர்ஃப்ளை நீச்சலில் வெள்ளி வாங்கினாள். தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு மின்னஞ்சல் வந்தது. போட்டியன்று எடுத்த சிறுநீர்ச் சோதனையில் தடை செய்யப்பட்ட ஊக்கமருந்து இருக்கிறதாம். விசாரணை முடியும்வரை போட்டியில் நீந்தக் கூடாது. குற்றம் உறுதியானால் நான்கு வருஷம் தடை. அவளுக்குப் பத்தொன்பது வயது. நான்கு வருஷம் என்றால் அவள் நீச்சல் அதோடு முடிந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெற்ற பிள்ளையைக் குற்றவாளி மாதிரி நிற்க வைத்துக் கேட்டேன். "உண்மையச் சொல்லுடி. எவன் இன்னா குடுத்தான்?"

அவள் அழவில்லை. "பவுடர் டப்பாவ வாங்கினு வந்தது நீதாம்மா. டெய்லி கலக்கிக் குடுத்ததும் நீதாம்மா" என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். பூந்தமல்லியில் ஒரு கடையில் புரோட்டீன் பவுடர் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தார்கள். இலவசம் என்றால் நான் விடுவேனா? தினமும் காலையில் பாலில் கலக்கி, ஜெபித்து, நானே கொடுத்தேன். என் கையாலேயே.

மிச்சமிருந்த பவுடரைச் சோதித்தால் தெரிந்துவிடுமே என்று, எங்கள் வழக்கை எடுத்த வக்கீலம்மாவிடம் கேட்டோம். "திறந்த டப்பாவ வச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. நீங்களே கலந்துட்டீங்கனு சொல்லிடுவாங்க. அதே பேட்ச் நம்பர்ல சீல் உடைக்காத டப்பா வேணும்" என்றார். கடைக்கு ஓடினோம். அந்தச் சரக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது.

அந்த இலவச டப்பா எங்கே என்று கேட்பீர்கள். என் வெட்கமே அங்கேதான் இருக்கிறது. செப்டம்பரில் நம் சபையின் அறுப்பின் பண்டிகை வந்தது. சபைக்காக ஏலம் விட, எல்லாரும் வாழைத்தார், கோழி, கைவேலை என்று காணிக்கை கொண்டுவந்தார்கள். நான், சும்மா வந்ததுதானே என்று அந்த டப்பாவைக் காணிக்கை மேஜையில் வைத்துவிட்டு, ஏலம் தொடங்கும் முன்பே கிளம்பிவிட்டேன். எடுத்தவர் யாரோ, குடித்துத் தீர்த்து, டப்பாவில் துவரம்பருப்பு கொட்டி வைத்திருப்பார் என்று நினைத்தேன். விசாரிக்கவும் மனம் வரவில்லை. விசாரித்தால் எதற்கு என்று கேட்பார்கள். ஏற்கெனவே வானகரம் நீச்சல் குளத்தில் எங்களைக் கண்டால் மற்ற அம்மாக்கள் பேச்சை நிறுத்தினார்கள். சபையும் அப்படி ஆகிவிடுமோ என்று பயம். வீட்டில் மட்டும் முழங்காலில் நின்று கர்த்தரோடு சண்டை போட்டேன்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். விசாரணைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஜெபக் குறிப்பு கேட்டார்கள். வழக்கம்போல "குடும்ப சமாதானத்துக்காக" என்று சொல்லத்தான் எழுந்தேன். வாயில் அது வரவில்லை. மகள், மருந்து, இலவச டப்பா, என் கஞ்சத்தனம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "சீல் உடைக்காத டப்பா ஒண்ணு வேணும் ஆண்டவரே" என்று கதறினேன்.

ஆமென் சொல்வதற்குள் பின்வரிசையில் ஒரு குரல். ஆட்டோ ஓட்டுகிற தாஸ் அண்ணன்.

"யம்மா மெர்சி, கறுப்பு டப்பாவா? மேல ஒருத்தன் கைய முறுக்கினு நிப்பானே?"

"ஆமாண்ணே!"

"அது என் ஊட்லதான் கீது! யாருமே கேக்கல, பாவமா இருந்துச்சினு நான்தான் எடுத்தேன். இத்த குடிச்சா இவன மாரி ஒடம்பு வீங்கிடும்னு என் ஊட்டுக்காரி தொடவே வுடல. ஃப்ரிட்ஜ் மேலயே குந்தினு கீது!"

ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு, போதகர் உட்பட எல்லாரும் அவர் வீட்டுக்கு ஓடினோம். சீல் அப்படியே இருந்தது. வேறு யாரும் தொடக் கூடாது என்று வக்கீலம்மா போனில் சொன்னதால், தாஸ் அண்ணனே கவிழ்த்துப் பிடித்து எண்ணைப் படித்தார். கூடவே ஓடிவந்த பெனிட்டா பழைய டப்பாவின் படத்தைப் போனில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். கடைசி எண்ணும் ஒத்துப்போனபோது, அத்தனை நாள் அழாத என் பிள்ளை தரையில் உட்கார்ந்து அழுதாள்.

போதகர் முன்னிலையில் டப்பா நேரே ஆய்வகத்துக்குப் போனது. அதற்குள்ளும் அதே மருந்து இருந்தது. லேபிளில் அந்தப் பெயரே இல்லை. ஏலத்தன்று வாலிபர்கள் எடுத்த வீடியோவில் தாஸ் அண்ணன் அந்த டப்பாவைத் தூக்கிக் காட்டுகிறார், அதுவும் அத்தாட்சியானது. பெனிட்டா தெரிந்து செய்யவில்லை என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. எச்சரிக்கை மட்டும்தான், தடை இல்லை! வெள்ளிப் பதக்கத்தை மட்டும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. விதி அப்படி. வலித்தது, மறைக்க மாட்டேன்.

ஆனால் ஜூலையில் மாநிலப் போட்டி வந்தது. பவுடர் கிடையாது, அவித்த முட்டை, சுண்டல், பால். தன் பழைய நேரத்தை முந்திக்கொண்டு என் மகள் தங்கம் வாங்கினாள். அன்றும் சோதித்தார்கள். சுத்தம் என்று வந்தது. அல்லேலூயா!

இந்த வருஷப் பண்டிகைக்கு இரண்டு நாள் உட்கார்ந்து நானே முறுக்கு சுட்டு, முதல் ஈட்டை ஏலத்துக்கு எடுத்து வைத்தேன். தாஸ் அண்ணன் எடுத்தார். "யம்மா, இத்தயாவது துன்னலாமா?" என்று கேட்டதில் சபையே சிரித்தது.

பிரியமானவர்களே, மீந்துபோனதை நான் வேண்டாவெறுப்பாகக் கொடுத்தேன். அதைக்கூட என் தேவன் சீல் உடையாமல் எனக்காகக் காத்து வைத்திருந்தார். உங்கள் பாரத்தையும் மூடி வைக்காதீர்கள். அவரிடமும் சொல்லுங்கள், சபையிலும் வாய் திறந்து கேளுங்கள். நீங்கள் அழுது தேடுவது பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கலாம்.