அப்பாவின் இருபத்து மூன்று கேள்விகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து சானடோரியம் நிலையம் இருக்கும் திசையில் அப்பா என்னை நடக்க வைத்தார். காய்கறி வாங்கப் பையோடு கிளம்பியவளை வழியில் பிடித்துக்கொண்டார். தண்டவாளத்தை ஒட்டிய சாலையில் மின்கம்பங்களை ஒவ்வொன்றாக எண்ணியபடி அவர் முன்னே போக, நான் பின்னே போனேன். தொலைவில் அடுத்த நிலையத்தின் நடைமேடை தெரியத் தொடங்கிய இடத்தில் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். "ஆயிரத்து முந்நூறு மீட்டர். இவ்ளோ தூரத்தையும் அப்படியே நிமித்தி நிறுத்து. அதுதான் ஆழம். அதுக்கு மேலதான் உங்க அண்ணன் நம்மள மிதக்கவிடப் போறான்." வேடிக்கையாகச் சொல்லவில்லை. நெற்றி வேர்த்திருந்தது. சாலையைப் பார்த்தேன். சைக்கிள்கள், ஒரு தண்ணீர் லாரி, பூக்காரி, எல்லாம் ஒரு கிணற்றின் சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்குவதுபோல் தோன்றின. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தேழு வயது. காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் நார்வேயிலிருந்து அப்பாவின் பெயருக்கு ஒரு பெரிய உறை வந்திருந்தது. உள்ளே வழவழப்பான தாளில் அச்சிட்ட மூன்று வண்ணப் புத்தகங்கள். மூன்றும் கப்பல் பயணத்தைப் பற்றியவை. ஓங்கி நிற்கும் மலைகளுக்கு நடுவே கடல் ஒரு கத்தியைப்போல் நிலத்துக்குள் நுழைந்து கிடக்கும் இடங்களை ஃபியோர்டு என்கிறார்கள். குடும்பத்தோடு கப்பலில் போய் அவற்றைப் பார்த்து வரலாம் என்று அந்தப் புத்தகங்கள் அழைத்தன. கூடவே அண்ணன் கைப்பட எழுதிய ஒரு பக்கக் கடிதம். மூன்றில் எது வேண்டுமோ தேர்ந்தெடுத்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, வைகாசி பிறப்பதற்குள் அனுப்பச் சொல்லியிருந்தான். கடைசி வரி இப்படி இருந்தது: "பதில் வரவில்லையென்றால், பழைய கடிதமே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்."

பழைய கடிதம் எது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. படிக்கப் போன நாட்டிலேயே வேலை கிடைத்து, அங்கேயே ஒரு பெண்ணை மணந்துகொண்டு, மணந்த பிறகு அண்ணன் எழுதினான். அதற்கு அப்பா நீலநிற வான்கடிதத்தில் மூன்று வரி எழுதினார். உன் முடிவு உன்னுடையது. இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம். எங்களுக்கு ஒரே பெண் என்று வைத்துக்கொள்கிறோம். அதைத் தபாலில் சேர்த்தவள் நான். அதன் பிறகு ஆறு ஆண்டுகள் அண்ணனின் கடிதங்கள் என் கல்லூரி விலாசத்துக்கு வந்தன. குழந்தை பிறந்தபோது வந்த புகைப்படத்தை அம்மா ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தாள். அந்த உறையை அப்பா தொட மாட்டார் என்பது அவள் கணக்கு.

அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வேலைக்காலத்தின் பெரும்பகுதி தெற்கே ஒற்றைத் தண்டவாளம் போகும் சின்னச் சின்ன நிலையங்களில் கழிந்தது. ஒற்றைத் தடத்தில் ஒரு ரயிலை அனுப்பவேண்டுமென்றால், பாதை காலியாக இருக்கிறது என்று அடுத்த நிலையம் முறைப்படி ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்கு லைன் கிளியர் என்று பெயர். அது கைக்கு வராமல் அமைச்சரே வண்டியில் இருந்தாலும் வண்டி நகராது. ஒருமுறை, பணியில் சேர்ந்த புதிதில், அது வந்துவிட்டதாக எண்ணிப் பச்சைக்கொடி காட்டக் கையைத் தூக்கிவிட்டார். எதிரே ஒரு கூட்ஸ் வண்டி அதே தடத்தில் வந்துகொண்டிருந்தது. கடைசி நொடியில் கொடியை மடக்கினார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தூக்கிய கை அவர் உடம்பிலேயே தங்கிவிட்டது. கேஸ் அடுப்பு மூடியிருக்கிறதா என்று மூன்று முறை பார்ப்பார். பேருந்தில் ஏறுமுன் டயரைப் பார்ப்பார். எங்களை அவர் கட்டுப்படுத்துவதாகச் சின்ன வயதில் நினைத்தேன். அவர் எங்களுக்காக நடுங்கிக்கொண்டிருந்தார் என்று புரிய வெகுகாலம் ஆயிற்று.

அந்த மூன்று புத்தகங்களையும் அவர் பென்சிலோடுதான் படித்தார். முதலாவது, ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றும் வெள்ளைக் கப்பல். இரண்டாவது நடுத்தரமானது, நீச்சல் குளம் உண்டு. "கடல்லயே குளமா" என்று அதை ஓரங்கட்டினார். மூன்றாவது, கரையோர ஊர்களுக்குத் தபாலும் சரக்கும் கொண்டுபோகும் பழைய சின்னக் கப்பல், ஆட்களையும் ஏற்றிக்கொள்ளும். படத்தில் தெரியும் உயிர்காப்புப் படகுகளை எண்ணி, பயணிகள் எண்ணிக்கையால் வகுத்து, ஓரத்தில் குறித்தார். சின்னக் கப்பல் அவர் கணக்கில் கடைசியில் நின்றது.

செய்தி எப்படியோ எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் இரும்புக்கடை வைத்திருந்தார். எங்கள் காலனி எழும்பிய நிலம் ஒருகாலத்தில் அவர் குடும்பம் பயிரிட்டது.

"இன்னா சார், கப்பல்ல போறீங்களாமே? ஏரிக்கரைமேல கூட ஓரமா வராம நடுவுல நடக்குற ஆளாச்சே நீங்க."

"இன்னும் முடிவாகல."

"ஐப்பசி வரட்டும் சார். நம்ம தெருவுலயே கப்பல் வுடலாம். அதுக்கு இன்னாத்துக்கு அம்மாந்தூரம்?"

அப்பா சிரிக்கவில்லை. உள்ளே வந்து, ஏரித்தண்ணீர் எங்கள் தெருவுக்கு எத்தனை முறை வந்திருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டார்.

பிறகு நான் ஒரு தவறு செய்தேன். ஆசை காட்டினால் அச்சம் குறையும் என்று எண்ணி, நூலகத்திலிருந்து ஒரு கலைக்களஞ்சியத்தின் கனத்த தொகுதியை எடுத்துவந்து, அருவிகளும் செர்ரித் தோட்டங்களும் இருக்கும் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தேன். நான் படித்துச் சொன்ன பத்தியோடு அவர் நிற்கவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனார். அங்கே, எப்போதோ ஒரு மலையின் பக்கச்சுவர் சரிந்து நீரில் விழ, எழும்பிய அலை எதிர்க்கரை வீடுகளை வாரிக்கொண்டு போனதைப் பற்றி நான்கு வரி இருந்தது. அந்த நான்கு வரியை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மலையே விழுமாம்" என்றார். புத்தகத்தை மறுநாளே திருப்பிக் கொண்டுபோனேன். மலை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அந்த வாரம்தான் அவர் கப்பல் நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். மேலதிகாரிக்கு எழுதும் பணிவான நடையில், எண் போட்டு, இருபத்து மூன்று கேள்விகள். படகுகள் எத்தனை, அவற்றை இறக்கக் கடைசியாக ஒத்திகை பார்த்தது எப்போது, குறுகிய வழியில் எதிரே இன்னொரு கப்பல் வந்தால் யார் ஒதுங்குவது, மாலுமிக்கு எத்தனை மணி நேரம் தூக்கம் தருகிறீர்கள். இருபத்து மூன்றாவது: மலை விழாது என்று எழுதித் தர முடியுமா? கல்லூரித் தட்டச்சு இயந்திரத்தில் அதை அடித்துத் தந்தேன். அந்தக் கடைசி வரியை அடிக்கும்போது விரல்கள் தயங்கின. முடியாது என்று வந்தால் அவர் கையெழுத்துப் போட மாட்டார். முடியும் என்று நாணயமான எவனும் எழுத மாட்டான்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். ஒன்றும் இல்லையென்றால் கரண்டியைக் கொஞ்சம் பலமாக வைப்பாள், அவ்வளவுதான். நாட்காட்டியில் தாள் கிழிப்பது என் வேலை. ஒவ்வொரு நாளும் கிழிக்கப் பயந்தேன். இந்த முறையும் பதில் போகவில்லையென்றால் அண்ணன் எனக்குக்கூட எழுத மாட்டான் என்று எனக்குத் தெரியும். அவனும் அப்பாவைப் போலவே சொன்ன சொல்லுக்குள் அடைந்துகொள்கிறவன்.

வைகாசிக்கு எட்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது. இருபத்திரண்டு கேள்விகளுக்கு மிகுந்த மரியாதையோடு விடை எழுதியிருந்தார்கள். கடைசிக் கேள்விக்கு, இயற்கையின் பேரில் உறுதி தர எங்களுக்கு அதிகாரமில்லை என்று ஒரே வரி. அப்பா கடிதத்தை மடித்தார். படிவத்தையும் புத்தகங்களையும் சேர்த்து உறையில் போட்டார். "லைன் கிளியர் வரல" என்றார்.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"இருபத்திமூணு கேள்வி கேட்டீங்களே. அந்தக் குழந்தை பேரு என்னன்னு ஒரு கேள்வி கேட்டீங்களா?"

அப்பா கையிலிருந்த உறையை மேசைமேல் வைத்தார். அம்மா கை ஈர்க்கிலிருந்து இலையை உருவிக்கொண்டே இருந்தது. நான் அதுவரை கேட்டிராத குரலில் அவர் சொன்னார்.

"பயமா இருக்கு."

"எனக்குந்தான்."

"தண்ணிக்கு இல்ல. அவன் மூஞ்சியப் பாக்க."

"அவனுக்கு மட்டும் இல்லையா? பயம் இல்லாட்டி நேரா நம்ம வாசல்ல வந்து நிக்க மாட்டானா? எதுக்குங்க கப்பலு? கப்பல்னா கோவிச்சுக்கிட்டு நடுவுல யாரும் எழுந்து போக முடியாதே, அதுக்குத்தான்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உறையைப் பிரித்தாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்பக்கத்திலும் அறைகளின் வரைபடம் இருக்கும், அதைத்தான் விரித்தாள். "எதுல அவன் ரூமும் நம்ம ரூமும் பக்கத்துல பக்கத்துல வரும்?" என்று என்னிடம் கேட்டாள். பெரிய கப்பல்களில் அப்படிக் கேட்டு வாங்க முடியாது. தபால் கப்பலில் மட்டும், இரண்டு அறைகளுக்கு நடுவே ஒரு கதவு வரைந்திருந்தது. அம்மா அதன்மேல் விரலை வைத்தாள். படகுக் கணக்கில் கடைசியாக நின்ற கப்பல். அப்பா பேனாவைக் கேட்டார். கையெழுத்து வங்கியில் இருப்பதுபோல் விழவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. போன மாதம் என் மகள், எல்லோரும் சேர்ந்து அதே நாட்டுக்குக் கப்பலில் போகலாம் என்று கைபேசியில் ஏழெட்டுப் படங்களை அனுப்பி, பத்து நிமிடத்தில் ஒன்றைச் சொல் என்றாள். எல்லாக் கப்பலும் அழகாக இருந்தன. என்னால் ஒன்றையும் தொட முடியவில்லை. அவளுக்கு என் தயக்கம் வயதின் சோம்பலாகத் தெரிந்திருக்கும். எனக்கோ அந்தச் சின்னக் கப்பலின் அறை நினைவில் விரிந்தது.

அப்பா, அம்மா, நான் மூவரும் ஒரு துறைமுகத்தில் ஏறினோம். அண்ணனுக்கு விடுமுறை கிடைத்தது மறுநாள்தான். அவன் குடும்பம் காலையில் அடுத்த ஊரில் ஏறுவதாக ஏற்பாடு. வடகோடியில் கோடைக்காலம் என்பதால் அந்த இரவு இருட்டவே இல்லை. அப்பா ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, வட்டச் சன்னலுக்கு வெளியே நகரும் மலைச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் திரும்பும்போதெல்லாம் தம்ளரில் இருந்த தண்ணீர் ஒருபக்கம் சாய்ந்து எழும். அவர் விரல்கள் மெத்தையின் விளிம்பைப் பற்றும். ஊர் வந்ததும், "நீங்க போய்ப் பாருங்க" என்றார்.

படியருகே அண்ணன் நின்றான். காதோரம் நரைத்திருந்தது. அவன் மனைவி என்னைவிட ஒரு முழம் உயரம். கைகூப்பிய அவள் விரல்களைப் பற்றியபோது அவையும் சில்லென்று இருந்தன. குழந்தை அம்மாவைப் பார்த்துத் தாயின் தோளில் முகம் புதைத்தது. அம்மா அழவில்லை, குழந்தையின் பாதத்தைத் தொட்டாள். அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்பா?"

"உள்ள இருக்காரு" என்றாள் அம்மா.

அவன் தலையை ஆட்டிவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனான். அறைக்குப் போனானா, மேல்தளத்துக்குப் போனானா என்று நாங்கள் பார்க்கவில்லை. அம்மா எங்கள் அறைக்குத் திரும்பி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுக்கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். இருபுறமும் நீக்கினால்தான் திறக்கும்.

அப்பா எழுந்தார். மிதவைச் சட்டையின் நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அதைக் கட்டிலில் வைத்தார். சுவரைப் பிடித்தபடி நான்கு அடி நடந்து கதவருகே போனார். தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் இருக்கானா?"

"தெரியலப்பா."

இன்னொரு முறை கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. தாழ்ப்பாளை நீக்கினார். கதவு அசையவில்லை. அவர் கை அதன் மீதே இருந்தது. சன்னலுக்கு வெளியே பாறையும் அதன்மேல் வழியும் நீரும் மிக அருகில் போய்க்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. என் வாழ்நாளில் எத்தனையோ முறை பயந்திருக்கிறேன், பிரசவ அறைக்கு வெளியிலும் மருத்துவமனை வராந்தாக்களிலும் நின்றிருக்கிறேன். அந்தக் கதவுக்கு முன்னால் நின்ற நேரத்தைப் போல் எதுவும் நீளமாக இருந்ததில்லை.

பிறகு மறுபக்கத்தில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது.