நடுவர் நாற்காலியில் தலைவர்

பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைப்பதென்று எங்கள் ஊர் இளைஞர் மன்றம் முடிவு செய்தபோது, அவர்கள் மனதில் இருந்ததெல்லாம் டெல்லியும் மெட்ராசும்தான். எண்பதுகளின் பின்பாதி அது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தினமும் பெரிய பெரிய தலைவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். அந்தச் சூட்டிலேயே தலைப்பும் வைத்துவிட்டார்கள். "பதவியில் இருப்பவரின் குறையை எப்போது கேட்பது? பதவியில் இருக்கும்போதா, அடுத்த தேர்தலிலா?"

தலைப்பு முடிவானதும், பழக்கதோஷம், நேராகப் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து, நீங்கள்தான் நடுவர் என்று அழைத்துவிட்டு வந்தார்கள். எங்கள் ஊரில் எதற்கு மைக் கட்டினாலும் நடு நாற்காலி அவருக்குத்தான். மைக் செட்டுக்குப் பணம் கொடுப்பவர் அவர், பரிசுக்கு எவர்சில்வர் தட்டு வாங்கித் தருபவரும் அவர். பள்ளிக்கூடச் சுவரில் சுண்ணாம்பால் விளம்பரம் எழுதிவிட்டு, நாலடி தள்ளி நின்று படித்துப் பார்த்தபோதுதான் மன்றச் செயலாளருக்கு உறைத்திருக்கிறது. பதவியில் இருப்பவரை எப்போது கேட்கலாம் என்ற வழக்குக்குப் பதவியில் இருப்பவரே நீதிபதி. அதற்குள் சுண்ணாம்பு காய்ந்துவிட்டது. அழைத்தவரை வேண்டாம் என்று சொல்லும் தைரியமும் யாருக்கும் இல்லை.

எனக்கு விஷயம் தெரிந்ததும் சிரிப்பு தாங்கவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அதுதான்.

நான் காலனிப் பெண். உத்திரமேரூருக்கு பஸ்ஸில் போய் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்பதாலும், மேடையில் காலனி ஆள் ஒருத்தராவது இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்பதாலும் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். "இருக்கும்போதே கேட்க வேண்டும்" என்ற பக்கம் எனக்கு. எதிர்ப்பக்கம் அந்தச் செயலாளரே. அவர் காஞ்சிபுரத்தில் காலேஜ் படித்துவிட்டு வாலாஜாபாத் ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அவருக்குத் தெரியாது.

என் கோபத்துக்குக் காரணம் ஓர் ஓடை. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் அது போகிறது. கோடையில் ஆடு மேயும். ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கோடி போனால், வழிகிற தண்ணீர் முழுக்க அந்த ஓடையில்தான் வரும். மார்பளவு வரும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, வேலைக்குப் போகிறவர்களுக்குக் கூலி கிடையாது. தலைவர் ஓட்டுக் கேட்டு வந்தபோது ஓடைக்கரையில் நின்று, ஜெயித்தால் முதல் வேலை பாலம்தான் என்றார். ஜெயித்தார். பெரிய பெரிய சிமெண்ட் பைப்புகளும் லாரியில் வந்து ரோட்டோரம் இறங்கின. அவ்வளவுதான். இரண்டு மழைக்காலம் அவை அங்கேயே கிடந்தன. அதற்குள் நாய் குட்டி போட்டது.

இரண்டாவது மழைக்காலத்தில் என் அக்காவுக்கு வலி எடுத்தது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடை வரைக்கும் வந்தோம். தண்ணீரில் இறங்க ஆண்களே பயந்தார்கள். கொட்டுகிற மழையில், கரைச் சேற்றில்தான் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவுக்குத்தான் அதன்பிறகு உடம்பு தேறவேயில்லை.

தலைவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாவுக்குக் கோடித்துணி கொடுப்பார். பாம்பு கடித்தவனைத் தன் டிராக்டரிலேயே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதனால்தான் அவரிடம் எதையும் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. நல்லது செய்தவரிடம் கணக்குக் கேட்பது நன்றி கெட்டதனம் என்று என் அம்மாவே சொல்வாள். அம்மா அவர் வயலில் நடவும் களையுமாக இருபது வருஷம் குனிந்தவள். அவரை "ஆண்டே", அதாவது எசமானே, என்றுதான் கூப்பிடுவாள்.

"பாலம் கீலம்னு அங்க போயி பேசிக்கினு இருந்த, காலை ஒடிச்சிடுவேன். நாளைக்கு நடவுக்கு எவன் கூப்புடுவான்?" என்றாள்.

"அத பேசாம இன்னாத்த பேசறது? டெல்லியில பாலம் இல்லன்னு பேசறதா?" என்றேன்.

"தண்ணியில இருந்துகினு மொதலையோட மல்லுக்கு நிக்கிறியா?"

உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டேன். பட்டிமன்றத்துக்கு என்று ஒரு சட்டம் இருக்கிறது. பேசுகிறவர் எதைப் பேசினாலும் "நடுவர் அவர்களே" என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். நடுவர் குறுக்கே பேசக்கூடாது. கடைசியில் இரண்டு பக்கமும் சொன்னதை அவர் வாயாலேயே எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் தீர்ப்புக் கொடுக்க வேண்டும். தலைவரை அப்படி உட்காரவைத்துக் கேள்வி கேட்க இன்னொரு நாள் வாய்க்காது என்று எனக்குத் தெரியும்.

காணும் பொங்கலன்று மதியம், பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். காலனிக்காரர்கள் வேப்பமரத்தின் அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்தார்கள். அம்மாவும் வந்திருந்தாள், என்னை அடக்குவதற்காக.

செயலாளர் நன்றாகவே பேசினார். "பயிரை நட்டுவிட்டு, வேர் பிடித்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தால் விளங்குமா, நடுவர் அவர்களே? அறுவடையில் பார்த்துக்கொள்ளலாம். பஸ்ஸில் என்ன எழுதியிருக்கிறது? ஓட்டுநரிடம் பேசாதீர்!" கைதட்டல் பலமாக விழுந்தது. தலைவர் தலையை ஆட்டி ரசித்தார்.

நான் எழுந்தேன். முதல் நாலு வரி ஏட்டுத் தமிழில் போயிற்று. அப்புறம் என் பேச்சே வந்துவிட்டது. "நடுவர் அவர்களே, பயிரப் புடுங்கிப் பாக்க வாணாம். ஆனா நடவே இல்லையே? நாத்துக்கட்டு வரப்பு மேலயே கெடந்து காயுதே, அதக் கூடவா கேக்கக் கூடாது? டிரைவர்கிட்ட பேச வாணாம். எங்க ஸ்டாப்புல நிக்காமயே போனா சத்தம் போடவும் கூடாதா? தேர்தல்ல கேளுன்றாங்க. நீங்க ஜெயிச்ச தேர்தலுக்கு முந்தி பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தப்ப நான் பால்பல்லு விழாத கொழந்த. அடுத்தது எப்ப வரும்னு ஆருக்குத் தெரியும்? ஐப்பசி மட்டும் வருசா வருசம் வருது. நடுவர் அவர்களே, ரோட்டோரம் கெடக்குற பைப்பு ஏன் இன்னும் ஓடைக்கு வர்ல?"

அவர் கை மேசைமேல் இருந்த மணிக்குப் போனது. அடித்தார். நேரம் இருந்தது, ஆனாலும் உட்கார்ந்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன்.

தீர்ப்புக்கு எழுந்தவர் பயிரைச் சொன்னார், பஸ்ஸைச் சொன்னார், நாற்றுக்கட்டைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னார். பைப்பை மட்டும் தாண்டிப் போய்விட்டார். "தேர்தல்ல கேக்கறதுதான் மொறை" என்று முடித்தார். செயலாளருக்கு எவர்சில்வர் தட்டு.

தீர்ப்புக்குப் பிறகு யாரும் பேசக்கூடாது. நான் நடுவர் மேசைக்கே போய் மைக்கைப் பிடித்தேன். "தீர்ப்ப ஒத்துக்கறேன். ஆனா நான் கேட்டதுல ஒண்ண நீங்க சொல்லவே இல்ல" என்றேன்.

அப்போது செயலாளர் எழுந்தார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தப் பைப்பு விசயம் பாக்கி கீது, தலைவரே. அதையும் சொல்லிடுங்க. ஜெயிச்ச நானே கேக்கறேன்" என்றார். அவரிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை. தலைவரும் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு நொடியில்தான் அவருக்கு நிதானம் தவறியது.

"இன்னாத்த சொல்றது? தேர்தல்ல அந்தக் காலனிப் பக்கம் எனுக்கு இன்னா கிழிச்சிது? ஓட்டு மட்டும் எவனுக்கோ போடுவாங்க, பாலம் மட்டும் நான் போடணுமா?"

மைக் அவர் முன்னால்தான் இருந்தது. மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அதை ஏரிக்கரை வரைக்கும் கொண்டுபோனது. நாங்கள் இரண்டு வருஷமாக கான்ட்ராக்டர் வரவில்லை, சிமெண்ட் வரவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

வேப்பமரத்தடியில் அம்மா எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். என்னை வையப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"தலைவரே," என்றாள். அவள் வாயில் அந்தச் சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "நான் உங்களுக்குத்தான் போட்டேன். எங்க காலனியில எல்லாம் வாணான்னாங்க. இதோ நிக்கிறாளே, இவகிட்ட கூட சொல்லல. பாலம் கட்டறேன்னு சொன்னீங்க, நம்பிப் போட்டேன். அந்த ஓடைக்கரையில எம் பொண்ணு சேத்துல கெடந்து புள்ள பெத்தா. ஓட்டு போடாதவங்களுக்கு நீங்க பதில் சொல்ல வாணாம். எனுக்குச் சொல்லுங்க."

தலைவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மைக்கில், மெதுவாக, "ஆடிக்குள்ள கட்டிடறேன்" என்றார். அம்மா உட்காரவில்லை. கூட்டம் கலைகிற வரைக்கும் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

பைப்பு புதைத்து, மண் கொட்டி, ஆடி பிறப்பதற்கு முன்பே பாலம் வந்துவிட்டது. ஆனால் தை முடிந்து நவரைப் பட்டத்து நடவு ஆரம்பித்ததிலிருந்தே தலைவர் வயலுக்கு அம்மாவைக் கூப்பிட ஆள் வரவில்லை. அதன்பிறகு வரவேயில்லை. அம்மா ஒருநாளும் அதைப் பற்றிப் புலம்பியதில்லை. விடிந்ததும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொள்வாள். அந்தப் பாலத்தின் மேல் நடந்து, தலைவர் வீட்டு வாசல் வழியாகவே போய், பக்கத்து ஊர் வயலில் நடவு நட்டுவிட்டு வருவாள்.