மைனியும் நானும் ஆமையோடு செம்பூருக்குப் போன நாள்

துணி ஊறவைக்கும் நீல டப்பின் ஓரத்தில் ஆமை கிடந்தது. இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன. விரலால் தொட்டபோது முதுகு ஓடு நனைந்த அட்டை போல உள்ளே அமுங்கியது. ஆமை ஓடு கல் மாதிரி இருக்கும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. தாராவியில் எங்கள் வீடு ஓர் அறையும், தகரக் கூரைக்கு ஏறும் இரும்பு ஏணியும்தான். பகலிலும் டியூப் லைட் எரியும்.

அப்பாவோடு வேலை பார்த்த மராத்திக்காரர் ஒருவர் அதைக் கொடுத்திருந்தார். அவர்கள் கோயிலில் சன்னதிக்கு எதிரே கல்லில் ஆமை செதுக்கியிருப்பார்களாம். வீட்டில் இருந்தால் நல்லதாம். அம்மாவின் நம்பிக்கை நேர் எதிரானது. அவளுக்கு ஆமை வீட்டுக்குள் வருவதே ஆகாது. அண்ணனுக்கு ஓவர்டைம் கிடைக்காவிட்டாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் பழி அதன்மேல் விழும். அது சாப்பிடாமல் கிடக்கத் தொடங்கியதும், சாக்கடையில் விட்டுவிட்டு வரச் சொல்லிவிட்டாள். நான் டப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். அண்ணன், இதற்குப் போய் அழுகிறாயே என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போனான்.

அழுகையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதவள் மைனி ஒருத்திதான். அண்ணனைக் கட்டிக்கொண்டு ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. சந்து முனையைத் தாண்டித் தனியாகப் போனதும் கிடையாது. அம்மா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, ஒரு செருப்புப் பெட்டியில் ஈரத்துணி விரித்து ஆமையை வைத்தாள். நாய்க்கும் கிளிக்கும் வைத்தியம் பார்க்கிற டாக்டர் செம்பூரில் இருப்பதாக என் வகுப்புத் தோழி சொன்னதை நான் அழுகைக்கு நடுவே உளறியிருந்தேன். மைனிக்கு அது போதுமானதாக இருந்தது.

சயானில் பஸ் ஏறினோம். நெரிசலில் பெட்டி நசுங்காமல் இருக்க அவள் என்னை ஜன்னலோரம் நிறுத்தித் தன் முதுகால் கூட்டத்தைத் தாங்கிக்கொண்டாள். டாக்டர் ஆமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்ன கொடுக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். சோறு என்றேன். சோறு போட்டு இருட்டில் வைத்தால் ஓடு இப்படித்தான் ஆகும் என்றார். ஊசி போட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். தினமும் காலை வெயில் படவேண்டும், கீரையும் முள்ளோடு சின்ன மீனும் போடவேண்டும், கணவாய் மீனின் ஓட்டைச் சுரண்டித் தீனியில் கலக்கவேண்டும் என்றார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, மைனி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது வாசலில் அம்மா நின்றாள். யாரைக் கேட்டுப் போனாய் என்று பக்கத்து வீடுகளெல்லாம் எட்டிப் பார்க்கும்படி சத்தம் போட்டாள். புதுப்பெண் அழப்போகிறாள் என்று நினைத்தேன். மைனி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

"உசுரு போய்க்கிட்டிருந்துச்சு, அத்த. கேட்டுக்கிட்டு நிக்க நேரமில்ல."

அம்மா அன்று அவளோடு பேசவில்லை. மறுநாள் காலை மைனி டப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். வெயில் தகிக்காத ஓரமாகப் பார்த்து டப்பை வைத்து, பாதிக்குமேல் பலகையால் நிழல் கட்டினாள். பக்கத்துக் கூரையில் துணி காயப்போடும் பெண்களிடம் இந்தி பழகியது அங்கேதான். மீன் விற்கும் கோளி இனப் பெண் அவளுக்குக் கணவாய் ஓடுகளைச் சும்மாவே எடுத்து வைப்பாள். ஒருநாள் ஆமை ஒரு கண்ணைத் திறந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஓடும் கெட்டியாகிவிட்டது. மேகம் விலகி வெயில் அடித்த ஒரு காலையில், "ஏட்டி, அத மேல கொண்டு போனியளா?" என்று அம்மாவே கேட்டாள். மைனி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது மைனி சுனாபட்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்துவிட்ட ஆமை பால்கனியில் பெரிய தொட்டியில் இருக்கிறது. அவளுக்கு மூட்டுவலி, குனிய முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காட்கோபரிலிருந்து போய்த் தண்ணீர் மாற்றிக் கொடுக்கிறேன். பெரியவர்கள் யாருமே பொருட்படுத்தாத என் துக்கத்துக்காக வெயிலில் இறங்கி நடந்தவள் அவள். இத்தனை வருடத்தில் அதை அவளிடம் சொன்னதே இல்லை என்பது போன வாரம் தொட்டியைக் கழுவும்போது உறைத்தது. சொன்னேன். வழி தெரியாத ஊரில் பயப்படாமல் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனீர்களே, மைனி, என்றேன்.

அவள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள்.

"நானா கூட்டிப்போனேன்? பஸ் நம்பரே மராத்தில போட்டிருந்துச்சு. எனக்கு என்ன தெரியும்? நீ பெட்டிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு விறுவிறுன்னு முன்னால போன. உன் பாவாடைய விட்டுரக் கூடாதுன்னு நான் பின்னாலயே வந்தேன். இந்த ஊர்ல நடக்க எனக்குப் பயம் விட்டது அன்னைக்குத்தான், பிள்ள."

கீரையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டேன். ஆமை கழுத்தை நீட்டி வந்து தின்னத் தொடங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.