காருக்குத் தெரியக் கூடாத சேதி

விற்கப் போகிற வண்டியின் காதில் அந்தப் பேச்சு விழக் கூடாது. விழுந்தால் அதற்கு மனசு விட்டுப்போகும். நேற்று வரை ஒழுங்காக ஓடியது இன்று நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். மதுரையில் இதையெல்லாம் நம்பாதவர்கள்கூட, விலை பேசுகிறபோது வண்டியை விட்டு நாலு எட்டு தள்ளிப்போய் நின்றுதான் பேசுவார்கள். அப்பாவோ நம்புகிறவர். வாங்க வந்தவர் கையில் சாவியைக் கொடுக்கிற நேரத்தில் அவருடைய பழைய ஸ்கூட்டர் கிக்கரை முறித்துக்கொண்டு நின்றதை, சாட்சி கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

ஆகவே எங்கள் வெள்ளைக் காரைக் கொடுத்துவிட்டு, அப்போதுதான் ஊரில் அங்கங்கே தென்படத் தொடங்கியிருந்த அந்த உயரமான சின்ன எஸ்யூவி ஒன்றை எக்ஸ்சேஞ்சில் எடுப்பது என்று அப்பாவும் சித்தப்பாவும் முடிவு செய்தது மொட்டை மாடியில் வைத்துத்தான். கார் கீழே வாசலில் நின்றது. அம்மாவும் கீழேதான் துணி அலசிக்கொண்டிருந்தாள். மாடியில் காய்ந்த வடகத்துக்குக் காவல் இருந்ததால் எனக்கு மட்டும் விஷயம் தெரிந்துபோனது. நான் அப்போது நான்காம் வகுப்பு. “கீழ போய் கார்கிட்ட நின்னு எதையாச்சும் உளறுன, தொலைச்சிருவேன்” என்று அப்பா சொன்னார். 

அந்தக் கார் அம்மாவின் அண்ணன், என் மாமா, தான் வைத்திருந்து அம்மாவுக்குக் கொடுத்தது. அப்பாவுக்கு சிம்மக்கல்லில் மொத்த ஜவுளிக்கடை. அந்தச் சந்துகளில் ஸ்கூட்டர் நுழைவதே பெரும்பாடு என்பதால் அவர் காரைத் தொட்டதில்லை. ஓட்டியதெல்லாம் அம்மாதான். என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள், கூப்பிட்டு வருவாள், நினைத்துக்கொண்டால் விளாங்குடியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குத் திருப்பிவிடுவாள். ஏசி வேலை செய்யாது. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். சூடேறினால் திடீரென்று அணைந்துபோகும். அணைந்தால் அவசரப்படாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் சாவியைத் திருப்ப வேண்டும். இதெல்லாம் அம்மாவுக்கு மட்டும் தெரிந்த சங்கதிகள்.

நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். கார் ஒரு சௌராஷ்டிர வீட்டிலிருந்து இன்னொரு சௌராஷ்டிர வீட்டுக்கு வந்தது. அப்பா இதை யோசித்து ஒரு சட்டம் போட்டார். காருக்கு நம் பேச்சு தெரியும், அதனால் இந்த விஷயமாக எதைப் பேசுவதாக இருந்தாலும் காருக்குப் பக்கத்தில் தமிழில்தான் பேச வேண்டும். சித்தப்பா அண்ணனின் அறிவை மெச்சினார். எனக்குத்தான் அதில் நம்பிக்கை வரவில்லை. அப்பாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். காருக்குத் தமிழும் தெரியும். கற்றுக்கொடுத்ததே அம்மாதான்.

அம்மா வீட்டில் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. விருந்தாளிகள் வந்தால் சமையலறை வாசலில் நின்றுகொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். ஆனால் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கிவிட்டால் அவள் வேறு ஆள். சிக்னல் காட்டாமல் குறுக்கே திரும்பும் ஆட்டோவைப் பார்த்து, “ஏண்ணே, கையக் காட்டிட்டுத் திரும்புனா கை தேஞ்சா போயிரும்?” என்பாள். டவுன் பஸ்காரர் ஒட்டிக்கொண்டு வந்தால், “எம்புட்டு எடம் வேணும் ஒங்களுக்கு? வீட்டையும் எழுதித் தரவா?” என்று கேட்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே வழிவிடுவார்கள். பிறகு எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். வருஷக்கணக்கில் இத்தனையையும் கேட்ட காருக்குத் தமிழ் வராமலா இருக்கும்? ஆனால் அதை அப்பாவிடம் சொன்னால் அம்மா ரோட்டில் வாயடிப்பதும் சேர்ந்து வெளியே வரும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வண்டியைப் பார்த்து விலை சொல்ல ஷோரூமிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பானெட்டைத் திறந்தார், அடியில் குனிந்து பார்த்தார். அப்பா காரின் அருகில் போய், ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரத்த குரலில், சர்வீஸுக்கு ஆள் வந்திருக்கிறது என்று எங்கள் மொழியில் அறிவித்தார். அந்த இளைஞர், தன்னிடம்தான் ஏதோ சொல்கிறார் என்று எண்ணி, “சரி சார்” என்றார். ஒப்படைக்கும் நாளில் ஷோரூமில் இன்னொரு தரம் ஓட்டிப் பார்ப்போம், ஸ்டார்ட் ஆவதில் ஏதும் பிரச்சினை என்றால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம்தான் அம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னார்கள். புது வண்டியை யார் ஓட்டுவது என்று அவள் கேட்டாள். அது பெரிய வண்டி, கீறல் விழுந்தால் தாங்காது, கொஞ்ச நாள் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. மறுநாளே தல்லாகுளத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். வீட்டிலேயே ஒருத்தி இத்தனை வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாளே என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எனக்கு வேன் பேசினார்கள். வேனில் வரும் பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவதை ஏக்கத்தோடு பார்த்தவள் நான். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

புது வண்டி எடுக்கிற வெள்ளிக்கிழமை வந்தது. பத்தரைக்கு ராகுகாலம் பிடித்துவிடும், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். விடிந்ததும் அம்மா காரைக் கழுவினாள். சக்கரத்துக்குள் இருந்த சேற்றைக்கூடப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்தாள். “குடுக்கப் போ...” என்று ஆரம்பித்த சித்தப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா ஓட்ட, அப்பா முன்னால் உட்கார, சித்தப்பாவும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம்.

தமிழில் பேசிக்கொண்டு போனோம். “அண்ணிக்கு இனிமே என்ன கஷ்டம்? மகாராணி மாதிரி பின்னாடி ஏசில உக்காந்து வரலாம்” என்றார் சித்தப்பா. அம்மா கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்த்தாள். அன்று குறுக்கே வந்த ஆட்டோக்களைக்கூட அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா பக்கத்தில் இருக்கிறார் அல்லவா.

வைகைப் பாலத்தில் ஏறி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, சித்தப்பாவுக்குப் பேச்சு சுவாரசியத்தில் சட்டம் மறந்துபோனது. இந்தக் கிழட்டு வண்டிக்கு அவன் இவ்வளவு தருவதே பெரிய விஷயம் என்று நல்ல சௌராஷ்டிரத்தில் சொல்லிவிட்டார். வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

 பின்னால் ஹாரன்கள் அலறின. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா திரும்பித் தம்பியை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். பிறகு காரின் டாஷ்போர்டை நோக்கிக் குனிந்து, நாம் சர்வீஸுக்குத்தான் போகிறோம், இவன் ஒரு மடையன், இவன் பேச்சைக் கேட்காதே என்று எங்கள் மொழியில் கெஞ்சினார். மொத்தக் கடைக்காரர்கள் மத்தியில் ஒரு பைசா விட்டுக்கொடுக்காத மனிதர்! பைக்கில் வந்த ஒருவர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “என்னண்ணே, தள்ளணுமா?” என்று கேட்டார். வேண்டாம் என்று அம்மா கையைக் காட்டினாள். மடியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு சாவியைத் திருப்பினாள். கார் கிளம்பியது. விளாங்குடி தாண்டி ஷோரூம் வரும் வரை ஒருவரும் எந்த மொழியிலும் பேசவில்லை.

ஷோரூம் வாசலில் புது வண்டி சிவப்புத் துணி போர்த்தி நின்றது. அப்பாவும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட உள்ளே ஓடினார்கள். அம்மாவைக் கூட்டி வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அவள் இன்னும் பழைய காரில்தான் இருந்தாள். என்னை அவள் பார்க்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு, எங்கள் மொழியில், தெளிவாக, “இனி எங்கேயும் போக வேண்டாம்” என்றாள்.

 இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காத்த ரகசியத்தை, கடைசி நேரத்தில், இவளே போட்டு உடைத்துவிட்டாளே! அந்த இளைஞர் சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். எஞ்சினும் சூடாக இருந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தெரிந்த சாமி எல்லோரையும் கூப்பிட்டேன். அம்மா இறங்கினாள். “கொஞ்ச நேரம் நிக்கட்டும் தம்பி. ஆக்சிலேட்டர மிதிக்காம ஸ்டார்ட் பண்ணுங்க” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். முதல் திருப்பிலேயே கார் கிளம்பிவிட்டது. அவர் ஒரு சுற்றுப் போய்வந்து, “நல்லா வச்சிருக்கீங்க மேடம்” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

புது வண்டிக்குச் சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா ஒருமுறை எஞ்சினை அணையவிட்டு, இரண்டாம் முறை வண்டியைத் துள்ள வைத்து, ஒருவழியாகப் பழங்களை நசுக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். சித்தப்பா முன்னால் ஏறிக்கொண்டார். அம்மாவும் நானும் பின்னால். அவ்வளவு உயரத்திலிருந்து நான் மதுரையைப் பார்த்ததில்லை. கண்ணாடிகள் ஏற்றிவிடப்பட்டு, ஏசி குளிர்ந்தது, வெளிச்சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. இனிமேல் பயமில்லை என்பதால் எல்லோரும் எங்கள் மொழிக்கே திரும்பியிருந்தோம்.

சிம்மக்கல் நெருங்கும்போது ஓர் ஆட்டோ கையைக் காட்டாமல் குறுக்கே திரும்பியது. அப்பா பதறி பிரேக்கை மிதித்தார். எல்லோரும் முன்னால் போய் விழுந்தோம். நான் ஆவலோடு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள். கை தன்னால் கண்ணாடியை இறக்கும் பிடியைத் தேடிக் கதவில் தடவியது. அந்த வண்டியில் அப்படி ஒரு பிடியே கிடையாது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோ போய்விட்டது.

பாருங்கள், வண்டிக்குள் எவ்வளவு அமைதி என்றார் அப்பா. உண்மைதான் என்று எனக்கும் பட்டது. நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு, ஷோரூமில் விட்டுவந்த வெள்ளைக் காரை நினைத்தேன். சேதி தெரிந்தும் அது கோபித்துக்கொள்ளவில்லை. ஓடி ஓடிக் களைத்துப்போன வண்டி. இனி எங்கேயும் போக வேண்டாம் என்று அம்மா அதற்குத்தான் ஆறுதல் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன்.